இழைமணிக்குள் சிறிய ஆர்.என்.ஏ.: உள்ளே இருப்பது எது, வெளியே ஒட்டியிருப்பது எது?

2024ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு, பரம்பரையலகுகளின் (ஜீன்களின்) வேலையைக் கட்டுப்படுத்தும் மிகக் குறுகிய துண்டான மைக்ரோ ஆர்.என்.ஏ.யைக் கண்டுபிடித்த விக்டர் அம்புரோஸ், கரி ருவ்கன் என்ற இருவருக்கும் கிடைத்தது. அன்றிலிருந்து ‘சிறிய ஆர்.என்.ஏ.’ என்ற பேச்சு பத்திரிகையிலும் இருக்கிறது, கிளிநொச்சி, வவுனியா உயர்தர உயிரியல் வகுப்புகளிலும் இருக்கிறது. கூடவே ஒரு குழப்பமும் வந்து சேர்ந்தது. கலத்தின் குழியவுருவில், அதாவது கருவுக்கு (நியூக்கிளியசு) வெளியே உள்ள பகுதியில், நடப்பதாக நிறுவப்பட்ட ஒன்றை, சக்தி தயாரிக்கும் இழைமணிக்குள்ளும் (மைற்றோகொண்ட்ரியா) அப்படியே நடப்பதாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். இழைமணி என்றாலே ‘சக்தி’ என்று விளம்பரம் செய்பவர்களுக்கு இது நல்ல வசதி.

இழைமணிக்குள் சிறிய ஆர்.என்.ஏ. பரம்பரையலகுகளைக் கட்டுப்படுத்துகிறதா? ஆம். ஆனால் அது ஒரே வேலை அல்ல. அடிப்படையில் வேறுபட்ட மூன்று வகைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் சான்றின் பலம் ஒன்றல்ல. முதலாவது ஐயத்துக்கே இடமில்லாதது. வன்னிக் காட்டோரத்தில் தோற்புண்ணாக வரும் ஓர் ஒட்டுண்ணியின் உடலுக்குள் அது நடக்கிறது. இரண்டாவது நம்முடைய சொந்த இழைமணியில் நடப்பது, சான்று பலமானது. மூன்றாவதுதான் எல்லோரும் பேசும் மைக்ரோ ஆர்.என்.ஏ. அந்த வழக்குத்தான் இன்னும் தீரவில்லை.

அடிப்படை: இழைமணிக்கு ஏன் தனி டி.என்.ஏ.?

1. கலத்தில் சக்தியைத் தயாரிக்கும் புன்னங்கம் இழைமணி. அதற்கு இரண்டு மென்சவ்வுகள் உண்டு: வெளியே ஒன்று, உள்ளே மடிப்பு மடிப்பாக ஒன்று. நூறு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் வேறொரு கலத்துக்குள் புகுந்து தங்கிவிட்ட பற்றீரியாவின் வழித்தோன்றல் அது. அந்தப் பழைய டி.என்.ஏ.யின் மிச்சம் இன்னும் அதற்குள் கிடக்கிறது.

2. மனித இழைமணியின் டி.என்.ஏ. ஒரு வளையம். அதில் 16,569 மூலச் சோடிகள் இருக்கின்றன. அந்த வரிசையை 1981இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் முழுமையாக வாசித்து வெளியிட்டார்கள். உள்ளே 37 பரம்பரையலகுகள்: 13 புரதங்களுக்கு, 22 இடமாற்று ஆர்.என்.ஏ.களுக்கு (புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களைக் கொண்டுவருபவை), 2 றைபோசோம் ஆர்.என்.ஏ.களுக்கு (புரதம் கட்டும் றைபோசோமின் பகுதிகள்). அந்த 13 புரதங்களும், ஒட்சிசனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் புரதத் தொகுதிகளான சுவாசச் சங்கிலியின் உறுப்புகள்.

3. இழைமணி நடக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்கள் தேவை. மிச்சம் எல்லாம் கருவிலுள்ள பரம்பரையலகுகளிலிருந்து வருகின்றன. குழியவுருவில் தயாராகி, மென்சவ்வுகளிலுள்ள வாயில்களால் உள்ளே இழுக்கப்படுகின்றன. சுவாசச் சங்கிலியின் பெரிய தொகுதிகளில் கருவின் புரதமும் இழைமணியின் புரதமும் பக்கத்துப் பக்கத்தில் பொருந்தவேண்டும். ஒரு பக்கம் கூடிவிட்டாலும் குறைந்துவிட்டாலும் தொகுதி அரைகுறையாக நிற்கும், தீங்கான ஒட்சிசன் மூலிகங்கள் கசியும்.

4. டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. பிரதியாகிறது, தூது ஆர்.என்.ஏ.யை றைபோசோம் வாசித்துப் புரதம் கட்டுகிறது. எந்தப் பிரதி, எவ்வளவு, எப்போது என்பதைத் தீர்மானிப்பதுதான் கட்டுப்பாடு. ‘சிறிய ஆர்.என்.ஏ.’ என்பது புரதத்தைக் குறிக்காமல், தானே வேலை பார்க்கும் குறுகிய துண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றால் ஏறத்தாழ 22 நியூக்கிளியோதைட்டு, அதாவது 22 ‘எழுத்து’ நீளம். மற்றவை சற்று நீளமானவை.

இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. கருவில் ஒவ்வொரு பரம்பரையலகும் தனித்தனி ஆளியோடு இருக்கிறது. மனித இழைமணியில் அப்படியில்லை. வளையத்தின் இரு இழைகளும் கிட்டத்தட்ட முழுநீளமாகவே பிரதியாகின்றன. அந்த நீண்ட ஆர்.என்.ஏ.யில் பெரும்பாலான புரதப் பகுதிகளுக்கு இடையே இடமாற்று ஆர்.என்.ஏ.கள் முற்றுப்புள்ளி போல நிற்கின்றன. நொதியங்கள் அவற்றின் இரு முனைகளிலும் வெட்டும்போது மற்றவையும் பிரிந்துவிடுகின்றன. ஆகவே ‘இந்தப் புரதம் மட்டும் கூடவேண்டும்’ என்று பிரதியெடுக்கும் கட்டத்தில் சொல்ல வழியில்லை. பிரதி தொடங்கும் இடத்தில் மொத்தமாகக் கூட்டலாம், குறைக்கலாம். இல்லையென்றால் பிரதி வந்த பிறகு, அதைத் திருத்துவது, அழிப்பது, வாசிப்பது என்ற கட்டங்களில் கைவைக்கலாம். சிறிய ஆர்.என்.ஏ.கள் நுழைவதும் இந்த இடைவெளிகளில்தான்.

ஐயமில்லாதது: புண்ணின் ஒட்டுண்ணியும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.யும்

முன்பு சொன்ன ஒட்டுண்ணியின் பெயர் லீஷ்மேனியா; அது தரும் தோற்புண் நோயான லீஷ்மேனியாசிஸ் இலங்கைக்குப் பழைய நோய் அல்ல. நாட்டுக்குள்ளேயே தொற்றியதாக முதலாவது நோயாளி தென்னிலங்கையில் 1992இல் அறியப்பட்டார். 2000களின் ஆரம்பத்தில் வடபகுதிக் காடுகளில் நிலைகொண்டிருந்த படையினரிடம் நோய் கூடியது. மணலாறு என்றும் வெலிஓயா என்றும் சொல்லப்படும் பகுதியில் இதற்கெனவே ஆய்வுகள் நடந்தன. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் நோயாளிகள் உண்டு. பரப்புவது மணல் ஈ. நுளம்பைவிடச் சிறியது, சத்தமில்லாமல் வரும், மாலைக் கருக்கலில் கடிக்கும். விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குப் போகிறவர்கள், வயற்காவலுக்குப் படுக்கிறவர்கள் அதன் பாதையில் இருப்பவர்கள்.

முகத்திலோ கையிலோ, துணி மூடாத இடத்தில் ஒரு சின்னப் பரு வரும். நோகாது, கடிக்காது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பெருத்து நடுவில் வெடித்துப் பொருக்குக் கட்டும். வைத்தியசாலையில் அதன் ஓரத்தைக் கீறி எடுத்த திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, கீம்சா சாயமிட்டு, எண்ணெய் வில்லையால் பார்ப்பார்கள். தோலின் பாதுகாப்புக் கலங்களுக்குள் நீள்வட்டமான உருக்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு முதல் நான்கு பங்கு அளவு. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு புள்ளிகள். பெரியதும் உருண்டையுமாக இருப்பது கரு. அதன் பக்கத்தில் குச்சி போலச் சின்னதாக, கறுத்துச் சாயம் ஏறியிருப்பது அந்த ஒட்டுண்ணியின் இழைமணி டி.என்.ஏ. ‘லீஷ்மேனியா’ என்று ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யும் அடையாளமே அந்தக் குச்சிதான். மனிதக் கலத்தில் இழைமணி டி.என்.ஏ.யைச் சாதாரண நுணுக்குக்காட்டியில் இப்படிப் பார்க்க முடியாது. இந்த உயிரியில் மட்டும் அது ஏன் இவ்வளவு பெரிது?

காரணம், ஒரே ஒரு இழைமணிக்குள் ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, பிரிக்கமுடியாத வலையாகக் கிடப்பது. வளையங்களில் இரண்டு சாதி:

1. பெருவளையம். சில பத்து எண்ணிக்கை. சுவாசச் சங்கிலிப் புரதங்களுக்கான பரம்பரையலகுகள் இதில்தான். ஆனால் பலவற்றை வாசித்தால் பொருள் வராது, எழுத்துகள் விடுபட்டிருக்கும்.

2. சிறுவளையம். ஒரு கலத்தில் சுமார் 10,000. இவற்றில் புரதத்துக்கான பரம்பரையலகு இல்லை. இவை என்ன செய்கின்றன என்று நீண்டகாலம் யாருக்கும் விளங்கவில்லை.

1986இல் நெதர்லாந்தின் றொப் பென்னே குழு ஆபிரிக்கத் தூக்கநோய் ஒட்டுண்ணியான ட்ரிப்பனோசோமாவில் ஒன்றைக் கண்டது. ஒரு தூது ஆர்.என்.ஏ.யில், டி.என்.ஏ.யில் இல்லாத நான்கு யுராசில்கள் (ஆர்.என்.ஏ.யின் எழுத்துகளில் ஒன்று) இருந்தன. றைபோசோம் மூன்று மூன்று எழுத்தாக வாசிப்பதால், அந்த நான்கு இல்லாவிட்டால் அதன் பிறகு வரும் வாசிப்பு முழுவதும் இடம்பெயர்ந்துவிடும். நான்கும் சேர்ந்தவுடன் புரதம் சரியாக வந்தது. 1988இல் இன்னும் வியப்பானது தெரியவந்தது: அதே ஒட்டுண்ணியின் வேறொரு தூது ஆர்.என்.ஏ.யில் 547 யுராசில்கள் சேர்க்கப்பட்டு, 41 யுராசில்கள் நீக்கப்படுகின்றன. முடிந்த ஆர்.என்.ஏ.யில் பாதிக்கு மேல் டி.என்.ஏ.யில் இல்லாத எழுத்துகள். எங்கே எத்தனை சேர்ப்பது என்ற தகவல் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. 1990இல் கலிபோர்னியாவில் லரி சிம்ப்ஸன் குழு பதில் தந்தது, அதுவும் லீஷ்மேனியா இனமொன்றில்: அந்தத் தகவலைத் தருபவை சிறிய ஆர்.என்.ஏ.கள். அவற்றுக்கு வழிகாட்டி ஆர்.என்.ஏ. என்று பெயர். அவற்றில் பெரும்பாலானவை பிறக்கும் இடம், பயனறியாது கிடந்த அந்தச் சிறுவளையங்கள்.

வேலை நடக்கும் ஒழுங்கு இது:

1. வழிகாட்டி ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 50, 60 நியூக்கிளியோதைட்டு நீளம். அதன் தலைப்பகுதி தூது ஆர்.என்.ஏ.யில் தனக்குப் பொருந்தும் இடத்தில் சோடி சேர்ந்து நங்கூரம் போடுகிறது. வால்பகுதியில் யுராசில் வரிசை ஒன்று இருக்கும்.

2. நடுப்பகுதிதான் தகவல். அதில் அடினின், அடினின், குவானின் என்று மூன்று எழுத்துகள் எதிரில் துணையில்லாமல் நிற்கின்றன என்று வைப்போம். திருத்தும் புரதத் தொகுதி அந்த இடத்தில் தூது ஆர்.என்.ஏ.யை வெட்டும்.

3. வெட்டிய முனையில் இன்னொரு நொதியம் மூன்று யுராசில்களைச் சேர்க்கும். யுராசில் அடினினோடு சோடி சேரும், ஆர்.என்.ஏ.யில் குவானினோடும் தளர்வாகச் சேரும். தூதில் யுராசில் மிகையாக இருந்தால் அவற்றை மெல்லும் நொதியம் வேறு.

4. இணைக்கும் நொதியம் இரு முனைகளையும் ஒட்டிவிடும். திருத்திய அந்தப் பகுதியே அடுத்த வழிகாட்டிக்கு நங்கூரம் போடும் இடமாக மாறும். இப்படி வாலிலிருந்து தலைநோக்கி, ஒன்றன்பின் ஒன்றாக வேலை நகர்கிறது.

இது கட்டுப்பாடா, வெறும் பழுதுபார்த்தலா என்று ஒருவர் கேட்கலாம். இரண்டும்தான். தூக்கநோய் ஒட்டுண்ணி பூச்சியின் குடலில் இருக்கும்போது ஒரு தொகுதித் தூது ஆர்.என்.ஏ.கள் திருத்தி முடிக்கப்படுகின்றன. மனித இரத்தத்தில் இருக்கும்போது வேறொரு தொகுதி. இரத்தத்தில் குளுக்கோசு தாராளமாகக் கிடைக்கும். பூச்சியின் குடலில் இழைமணிச் சுவாசத்தை நம்பவேண்டும். அதற்கேற்பத் திருத்தம் மாறுகிறது. ஆனால் பல வழிகாட்டி ஆர்.என்.ஏ.கள் இரு நிலையிலும் இருக்கின்றன. வழிகாட்டி இருப்பது மட்டும் போதாது. ஆளியைப் போடுவது வேறு புரதங்கள். பாடப்புத்தகச் சுருக்கங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த வரிதான்.

வழிகாட்டி இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று கைவசம் இருக்கிறது. பல்லியில் வாழும் ஒரு லீஷ்மேனியா இனத்தைப் பல பத்தாண்டுகளாக ஆய்வுகூடத்தில் வளர்த்துவந்தார்கள். அந்த வம்சம் தன் சிறுவளையச் சாதிகள் பலவற்றை இழந்துவிட்டது. அவற்றோடு வழிகாட்டிகளும் போயின. அவை திருத்தவேண்டிய சில தூது ஆர்.என்.ஏ.கள் கடைசிவரை திருத்தப்படாமலே நின்றன. பிற்காலத்தில் எடுத்த இன்னொரு வம்சத்தில் அவை திருத்தப்பட்டன. ஊட்டச்சத்து நிறைந்த குடுவைக்குள் அந்தப் புரதங்கள் இல்லாமலும் சமாளிக்கலாம். பல்லிக்குள் முடியுமா என்பது வேறு கதை.

ஆகவே இங்கே சிறிய ஆர்.என்.ஏ. இழைமணி டி.என்.ஏ.யிலேயே பிறக்கிறது, அதற்குள்ளேயே வேலை செய்கிறது, அதை எடுத்துவிட்டால் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. சான்று என்றால் இப்படி இருக்கவேண்டும். அடுத்த இரண்டையும் இதே அளவுகோலால்தான் அளக்கவேண்டும்.

பலமான சான்று: மனித இழைமணியின் 7எஸ் ஆர்.என்.ஏ.

மனித இழைமணி வளையத்தில் ஒரு பிரதி தொடங்கும் இடத்திலிருந்து, சுமார் 200 நியூக்கிளியோதைட்டு போனவுடன் நின்றுவிடும் ஒரு குறும்பிரதி உண்டு. பெயர் 7எஸ் ஆர்.என்.ஏ. (இதே எண்ணோடு கலத்தில் வேறு ஆர்.என்.ஏ.களும், இழைமணியிலேயே 7எஸ் டி.என்.ஏ. ஒன்றும் உண்டு. உயிரியலாளர்கள் பெயர் வைப்பதில் சிக்கனக்காரர்.) புரதம் எதற்கும் இது குறியீடு அல்ல. பல காலம் இதை வெட்டுத்துண்டு என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள்.

2022இல் சுவீடன், ஜேர்மன் ஆய்வாளர்கள் இதன் வேலையைக் காட்டினார்கள். இழைமணியில் ஆர்.என்.ஏ.யைப் பிரதியெடுக்கும் பொலிமரேசு நொதியத்தில் 7எஸ் ஒட்டும்போது, இரண்டு பொலிமரேசுகள் சோடியாகச் சேர்ந்துவிடுகின்றன. சேர்ந்த நிலையில், டி.என்.ஏ.யைப் பிடிக்கவேண்டிய முகம் மறைந்துபோகிறது. பிரதி தொடங்காது. தூய்மையாக்கிய நொதியங்களை மட்டும் வைத்துக் குழாயில் செய்த சோதனையிலும் இது நடந்தது. அந்தச் சோடியின் உருவத்தையும் உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எடுத்தார்கள்.

7எஸ்ஸை அழிக்கும் நொதியத் தொகுதியும் இழைமணிக்குள்ளேயே இருக்கிறது. அது வேகமாக அழித்தால் பொலிமரேசுகள் விடுபடும், பிரதி கூடும். மெதுவாக அழித்தால் குறையும். பிரதியெடுத்தலின் ஒரு விளைபொருளே பிரதியெடுத்தலைத் தடுக்கிறது. முன்பு சொன்னதை நினைவில் வைத்தால் இதன் எல்லையும் விளங்கும்: இது ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தெரிந்தெடுத்துக் குறைக்காது, மொத்த வரத்தையும் கூட்டும், குறைக்கும். மனித இழைமணிக்குள் கட்டுப்படுத்தும் சிறிய ஆர்.என்.ஏ. எது என்று என்னைக் கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வேன். பெயர் கவர்ச்சியில்லாததால் யாரும் பேசுவதில்லை.

தீராத வழக்கு: மைக்ரோ ஆர்.என்.ஏ.

குழியவுருவில் மைக்ரோ ஆர்.என்.ஏ. வேலை செய்யும் விதம் நன்றாகத் தெரியும். கருவில் பிறந்து, வெளியே வந்து, ஆர்கொனோட் என்ற புரதத்தில் ஏறுகிறது. ஒரு தூது ஆர்.என்.ஏ.யின் வாற்பகுதியில் பொருந்தும் இடத்தைத் தேடி ஒட்டுகிறது. துணைப் புரதங்கள் வந்து அந்தத் தூதை முடக்குகின்றன, பிறகு அழிக்கின்றன.

இழைமணிக்குள்ளும் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருக்கிறது என்று 2009 முதல் அறிக்கைகள் வருகின்றன. அதிகம் மேற்கோள் காட்டப்படுபவை இரண்டு:

1. 2012இல் அமெரிக்காவில் எலியின் இதயத்தில் செய்த ஆய்வு. கருவில் பிறக்கும் மிர்-181சி என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. இழைமணிக்குள் போய், சுவாசச் சங்கிலியின் ஒரு புரதமான கொக்ஸ்1ஐக் குறைக்கிறது என்றது. தூது ஆர்.என்.ஏ. குறையவில்லை, புரதம்தான் குறைந்தது.

2. 2014இல் எலித் தசைக் கலங்களில் செய்த ஆய்வு. மிர்-1 இழைமணிக்குள் புரத உற்பத்தியைக் குறைக்காமல் கூட்டுகிறது என்றது. தூதை அழிக்கும் துணைப் புரதம் இழைமணிக்குள் இல்லாததால், வெளியே அடக்குகிற அதே மைக்ரோ ஆர்.என்.ஏ. உள்ளே ஊக்குகிறது என்பது அவர்களின் விளக்கம்.

இரண்டாவது ஆய்வு கவனமாகச் செய்யப்பட்டது, விளக்கமும் அழகானது. ஆனாலும் வழக்கு முடியவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஆய்வும் தாண்டவேண்டிய தடைகள் இவை:

*முதலாவது, ஒட்டியிருப்பதா உள்ளிருப்பதா?* கலத்தை உடைத்து இழைமணியைப் பிரித்தெடுக்கும்போது, அதன் வெளிமென்சவ்வில் குழியவுருவின் றைபோசோம்களும் வேறு துணுக்குகளும் ஒட்டிக்கொண்டே வரும். அவற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ. நிறைய. தோட்டத்தில் கிண்டிய மரவள்ளிக் கிழங்கைக் கழுவினால் மண் முழுக்கப் போகாது. தோலை உரித்தால்தான் போகும். இழைமணிக்கும் அதே கதை. டிஜிட்டொனின் என்ற பொருளால் வெளிமென்சவ்வை உரித்து, ஆர்.என்.ஏ.யை மெல்லும் நொதியத்தை விட்டு, அதற்குப் பிறகும் மிஞ்சுவதை எண்ணவேண்டும். அதே மாதிரியில், வெளியே மட்டும் இருக்கவேண்டிய ஓர் ஆர்.என்.ஏ. அடியோடு மறைந்துவிட்டது என்றும் காட்டவேண்டும். இதைக் காட்டாத அறிக்கைகள் பல. அவற்றை நான் சான்றாக எடுக்கமாட்டேன்.

*இரண்டாவது, எண்ணிக்கை போதுமா?* ஒரு கலத்தில் இழைமணி டி.என்.ஏ.யின் பிரதிகள் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை. கலத்தின் மிக மலிந்த தூது ஆர்.என்.ஏ.களில் இழைமணியின் தூதுகளும் அடங்கும். அத்தனையையும் பாதிக்க மைக்ரோ ஆர்.என்.ஏ.யும் அதற்கேற்ற எண்ணிக்கையில் உள்ளே வேண்டும். வரிசை வாசிப்பில் சில அடையாளங்கள் தெரிந்துவிட்டால் அது கட்டுப்பாடு ஆகிவிடாது.

*மூன்றாவது, வழி எது?* புரதங்கள் உள்ளே போகும் வாயில்கள் தெரியும். அவை பெரும்பாலும் மடிப்பு அவிழ்ந்த நிலையில் நூலாகப் போகின்றன. மைக்ரோ ஆர்.என்.ஏ.யைத் தாங்கிய ஆர்கொனோட் மடிந்த நிலையில் எப்படிப் போகும்? ஆர்.என்.ஏ. எதுவும் இழைமணிக்குள் போகாது என்று சொல்லவும் முடியாது. லீஷ்மேனியாவின் இழைமணி டி.என்.ஏ.யில் இடமாற்று ஆர்.என்.ஏ.க்கு ஒரு பரம்பரையலகுகூட இல்லை. தேவையான எல்லாவற்றையும் அது குழியவுருவிலிருந்து இறக்குமதி செய்கிறது; இது திடமாக நிறுவப்பட்டது. தாவரங்களிலும் சில இடமாற்று ஆர்.என்.ஏ.கள் இப்படி உள்ளே போகின்றன. மனித இழைமணியோ 22ஐயும் தானே தயாரிக்கிறது. அதற்கு அந்தத் தேவை இல்லை. மென்சவ்வுகளுக்கு இடையிலுள்ள ஒரு நொதியம் ஆர்.என்.ஏ.யை உள்ளே கடத்துகிறது என்று 2010இல் ஓர் ஆய்வு முன்வைத்தது; அது பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு.

*நான்காவது, எதில் ஒட்டும்?* மைக்ரோ ஆர்.என்.ஏ. வழக்கமாகத் தேடுவது தூதின் வாற்பகுதியை. மனித இழைமணியின் தூதுகளில் பலவற்றுக்கு அந்தப் பகுதியே இல்லை, அல்லது சில எழுத்துகள் மட்டும். கணினியில் பொருத்தம் காட்டுவது சுலபம்; 22 எழுத்துத் துண்டில் ஏழெட்டு எழுத்துப் பொருத்தம் எங்கும் தற்செயலாகக் கிடைக்கும்.

இதற்கு மேல், இழைமணி டி.என்.ஏ.யின் பழைய துண்டுகள் கருவின் நிறமூர்த்தங்களில் நூற்றுக்கணக்கில் பதிந்து கிடக்கின்றன. குறுகிய துண்டை வாசித்துவிட்டு அது எங்கிருந்து வந்தது என்று சொல்லும்போது இந்த இரட்டைகள் ஆளைக் குழப்பும்.

நெல்லில் பார்த்தால்

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் விளைகிற நெல்லுக்கும் இழைமணி உண்டு. மனிதனுடையதைவிட அதன் டி.என்.ஏ. ஏறத்தாழ முப்பது மடங்கு நீளம். தாவர இழைமணியிலும் தூது ஆர்.என்.ஏ. திருத்தப்படுகிறது, நெல்லில் சுமார் 490 இடங்களில் சைற்றொசின் யுராசிலாக மாறுகிறது. ஆனால் இடம் காட்டுவது சிறிய ஆர்.என்.ஏ. அல்ல. கருவிலிருந்து வரும் ஒரு புரதக் குடும்பம் அந்த வேலையைச் செய்கிறது. கலப்பின நெல் உருவாக்கத்தில் பயன்படும் ஆண்மலட்டுத்தன்மையும் இதே களம்: இழைமணியிலுள்ள ஒரு பொருத்தமில்லாத பரம்பரையலகு மகரந்தத்தைக் கெடுக்கும், கருவிலிருந்து வரும் மீட்புப் புரதம் அந்த ஆர்.என்.ஏ.யை வெட்டியோ அழித்தோ மகரந்தத்தைக் காப்பாற்றும்.

இந்தப் புரதங்கள் ஆர்.என்.ஏ.யின் முனையில் இறுக உட்கார்ந்திருப்பதால், சுற்றியுள்ளதை மெல்லும் நொதியம் அந்தச் சிறு பகுதியை மட்டும் விட்டுவைக்கும். வரிசை வாசிப்பில் அது அச்சு அசல் ‘சிறிய ஆர்.என்.ஏ.’யாகத் தெரியும். உண்மையில் அது புரதத்தின் காலடித் தடம். தானாக எதையும் கட்டுப்படுத்தவில்லை. மனித இழைமணியின் இடமாற்று ஆர்.என்.ஏ.களிலிருந்தும் இப்படி ஏராளமான துண்டுகள் வருகின்றன. அவற்றுள் வேலை செய்வது எது, வெறும் மிச்சம் எது என்று ஒவ்வொன்றாகத்தான் பிரிக்கவேண்டும்.

நெல்லோடு இன்னொரு சம்பவம். சோறு உண்டவர்களின் இரத்தத்தில் அரிசியின் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருக்கிறது, அது ஈரலில் ஒரு பரம்பரையலகையும் அடக்குகிறது என்று 2012இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. அடுத்து முயன்ற பல குழுக்களுக்கு அது கிடைக்கவில்லை. மாசு கலந்திருக்கலாம் என்ற ஐயமே வலுத்தது. மூன்று வேளையும் சோறு உண்ணும் ஊருக்கு அது சுவையான செய்தியாக இருந்திருக்கும். என்ன செய்வது.

நடைமுறையில்

1. புண்ணைப் பொறுத்தவரை, சிறுவளையம் ஒரு கலத்தில் சுமார் 10,000 என்பதால், ஒட்டுண்ணி மிகச் சொற்பமாக இருக்கும் மாதிரியிலும், டி.என்.ஏ.யைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை அதைப் பிடித்துவிடும். தகட்டில் எதுவும் தெரியாதபோது இது கைகொடுக்கும். சிகிச்சைக்கும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்கும் இன்று தொடர்பில்லை; புண்ணுக்குள் அன்ரிமனி மருந்து ஏற்றுவதும் திரவ நைதரசனால் உறையவைப்பதும்தான் இலங்கையில் வழமை. திருத்தும் தொகுதியின் இணைப்பு நொதியம் மனிதரிடம் இல்லாததால் அதைக் குறிவைத்து மருந்து தேடியிருக்கிறார்கள். இதுவரை எதுவும் வைத்தியசாலைக்கு வரவில்லை. நோகாத ஒரு புண் பல வாரமாக ஆறாவிட்டால், பச்சிலை கட்டிக்கொண்டிராமல் தோல்நோய்ப் பிரிவுக்குப் போகவேண்டும். 2008 முதல் இது சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டிய நோய்.

2. ‘இழைமணி மைக்ரோ ஆர்.என்.ஏ.’யைச் சீர்செய்வதாக எந்தப் பொருளையாவது விற்றால், மேலே சொன்ன முதற் தடையையே அறிவியல் இன்னும் தாண்டி முடிக்கவில்லை என்பது நினைவிருக்கட்டும். சாப்பிட்ட ஒன்று குடலைத் தாண்டி, கலத்தைத் தாண்டி, இரண்டு மென்சவ்வுகளையும் தாண்டி அங்கே போய்ச் சேர்வது அதற்கு அடுத்த பேச்சு.

3. பரம்பரையலகுத் திருத்தத்தில் இந்த வழக்கின் நிழல் நன்றாகவே தெரிகிறது. கருவின் டி.என்.ஏ.யைத் திருத்தும் கிரிஸ்பர் முறைக்குத் துணைநிற்பதும் ஒரு சிறிய வழிகாட்டி ஆர்.என்.ஏ.தான். தாய்வழி வரும் இழைமணி நோய்களுக்கு அதைப் பயன்படுத்தப் பல குழுக்கள் முயன்றன. வழிகாட்டியை உள்ளே நம்பகமாகக் கொண்டுபோக முடியவில்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ. தாராளமாக நுழைகிற இடமென்றால் இது இவ்வளவு கடினமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். கடைசியில் ஆர்.என்.ஏ.யையே கைவிட்டார்கள். 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பற்றீரியாவிலிருந்து எடுத்த ஒரு நஞ்சு நொதியத்தை இரண்டாகப் பிளந்து, டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட வரிசையை அடையாளம் காணும் புரதங்களோடு பொருத்தி, புரத வாயில்களாலேயே உள்ளே அனுப்பினார்கள். இரு பாதிகளும் குறித்த இடத்தில் சந்திக்கும்போது சைற்றொசின் தைமினாக மாறியது. அடினினை மாற்றும் கருவி 2022இல் வந்தது. இரண்டும் முழுக்க முழுக்கப் புரதம்; வழிகாட்டி ஆர்.என்.ஏ. ஒன்றுகூட அவற்றில் இல்லை.